வீட்டிலேயே கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுதல்: டெவலப்பர் கலப்பதிலிருந்து நெகட்டிவ் காயும் வரை

ஸ்டூடியோக்காரர்கள் இதை ‘பிலிம் கழுவுறது’ என்பார்கள். அந்தச் சொல்தான் புதியவர்களை முதலில் ஏமாற்றுகிறது. வேலையின் முதல் பாதியில் நாம் எதையும் கழுவுவதில்லை. பிலிமுக்குள் வெள்ளியை வளர்க்கிறோம். வேண்டாததைக் கழுவி எடுப்பதெல்லாம் இரண்டாம் பாதியில்தான்.

இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டால் எங்கே பதற வேண்டும், எங்கே நிதானமாக இருக்கலாம் என்பது தெரிந்துவிடும். முதல் பாதியில் செய்த பிழையைத் திருப்ப முடியாது. இரண்டாம் பாதியில் செய்த பிழையை, பெரும்பாலும், மறுபடி செய்து சரிப்படுத்தலாம். நான் பார்த்த புதியவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகவே செய்கிறார்கள்: டெவலப்பரைக் கண்ணளவில் ஊற்றுவார்கள், உலர்த்தும்போது கை நடுங்குவார்கள்.

கீழே உள்ள எண்கள் எல்லாம் 35 மி.மீ. கறுப்பு வெள்ளை பிலிமுக்கு. உதாரணத்துக்கு இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் எடுத்துக்கொள்கிறேன். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ்.

1. டேங்குக்குள் நடப்பது என்ன

பிலிமின் ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளி புரோமைடு மணிகள், கொஞ்சம் அயோடைடும் கலந்து, நெருக்கமாகப் புதைந்திருக்கின்றன. ஒளி பட்ட மணியில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடி ஒரு புள்ளி உண்டாகும். மணியின் மற்ற கோடிக்கணக்கான வெள்ளி அயனிகள் அப்படியே இருக்கும். ஆகவே எடுத்த படம் பிலிமில் இருக்கிறது, ஆனால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

டெவலப்பர் அந்தப் புள்ளி வழியாக எலக்ட்ரான்களைக் கொடுத்து முழு மணியையும் கறுப்பு வெள்ளியாக மாற்றுகிறது. புள்ளி இல்லாத மணியை விட்டுவிடுமா என்றால், இல்லை. அதையும் மாற்றும், ஆனால் மிக மெதுவாக. இந்த வேக வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் படம். நேரம் கூடினாலோ சூடு கூடினாலோ ஒளி படாத மணிகளும் கறுக்கத் தொடங்கி, எல்லாம் மூட்டமாகிவிடும். கடிகாரத்தையும் வெப்பமானியையும் இவ்வளவு கெடுபிடியாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

அதன்பின் ஹைப்போ என்ற இன்னொரு ரசாயனம், மாறாமல் நிற்கும் மணிகளைக் கரைத்து வெளியேற்றும். அவ்வளவுதான் கதை. மற்ற எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்கும் காவல் வேலை.

2. கடைக்குப் போகும் முன்

சாமான்கள்: ஒளி புகாத டெவலப்பிங் டேங்க், அதற்குரிய ரீல், கைவிட்டு வேலை செய்யும் இருட்டுப் பை, 0.1 டிகிரி இல்லாவிட்டாலும் 0.5 டிகிரியாவது காட்டும் வெப்பமானி, 0.1 கிராம் காட்டும் சிறிய மின் தராசு, அளவு ஜாடி இரண்டு, பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள், கத்தரிக்கோல், கையுறை, துணிக் கிளிப். டேங்க் வாங்கும்போது அடியில் எழுதியிருக்கும் கொள்ளளவைப் பாருங்கள். பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. சுருளுக்கு 290 மி.லி. வேண்டும். நான் 300 ஊற்றுகிறேன்.

ரசாயனங்கள்: மெட்டோல், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட், வெண்காரம் எனும் போராக்ஸ், சோடியம் தயோசல்பேட் எனும் ஹைப்போ, சோடியம் மெட்டாபைசல்பைட், வினிகர்.

தவறு கடையிலேயே தொடங்கிவிடும். சல்பைட், சல்பேட், சல்பைடு என மூன்று பெயர்கள் இருக்கின்றன. காதில் விழும்போது மூன்றும் ஒன்றுதான். சல்பைடில் ஆக்சிஜன் கிடையாது, சல்பைட்டில் மூன்று, சல்பேட்டில் நான்கு. நமக்கு வேண்டியது மூன்று உள்ளது. ஒருமுறை தொலைபேசியில் சொல்லி வாங்கியதில் எனக்கு வந்தது சல்பேட். கலந்த டெவலப்பர் சிறிது நேரத்திலேயே தேநீர் நிறத்துக்குப் போனது. லேபிளைப் படிக்காமல் கொட்டியது என் குற்றம். இப்போதெல்லாம் வாய்ப்பாட்டைத் தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுகிறேன்.

இன்னொன்று, நீர் சேர்ந்த படிகமா, நீரற்ற தூளா என்று கேளுங்கள். சூத்திரங்களில் வரும் சல்பைட் நீரற்றது. ஏழு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம் கிடைத்தால் எடையை அப்படியே இரட்டிப்பாக்க வேண்டும். ஹைப்போவில் நேர்மாறு. சூத்திரம் சொல்வது படிகம். நீரற்ற தூள் கிடைத்தால் 240 கிராமுக்குப் பதில் 153 கிராம் போதும்.

கையுறையை விளையாட்டாக எடுக்காதீர்கள். மெட்டோல் சிலருக்குத் தோலில் அரிப்பையும் வெடிப்பையும் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு துளிக்கும் வரும். தூளை எடை போடும்போது மின்விசிறியை அணைத்துவிட்டு, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரம், கரண்டி எதையும் இதில் கொண்டுவந்து கலக்கக் கூடாது.

3. டெவலப்பர் கலப்பது: வரிசை மாறினால் வீண்

டி-76 என்ற சூத்திரத்தில் தொடங்குங்கள். இல்ஃபோர்டின் ஐடி-11 ஏறக்குறைய இதேதான். அதனால் எந்த பிலிமின் உறையைப் பார்த்தாலும் இதற்கான நேரம் இருக்கும். ஒரு லிட்டருக்கு: மெட்டோல் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம்.

ஆர்.ஓ. நீரோ வடிநீரோ 750 மி.லி. எடுத்து 50 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஆழ்குழாய் நீரில் கால்சியம் அதிகம். சல்பைட்டுடன் சேர்ந்து வெள்ளை வண்டலாகப் படியும், பிலிமிலும் ஒட்டும்.

முதலில் எடைபோட்ட சல்பைட்டிலிருந்து ஒரு சிட்டிகை மட்டும் போடுங்கள். பிறகு மெட்டோல். அது முழுக்கக் கரைந்து நீர் தெளியும் வரை வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு மீதிச் சல்பைட், அதன்பின் ஹைட்ரோகுவினோன், கடைசியில் வெண்காரம். ஒவ்வொன்றும் கரைந்த பின்புதான் அடுத்தது.

ஏன் இப்படி? மெட்டோல் செறிவான சல்பைட் கரைசலில் கரையாது. 100 கிராமையும் முதலிலேயே கொட்டினால் மெட்டோல் வெள்ளைச் செதிலாக மிதந்துகொண்டே இருக்கும், எவ்வளவு கலக்கினாலும் போகாது. அதற்காக மெட்டோலைத் தனி நீரில் போட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தின்னத் தொடங்கும். அந்த ஒரு சிட்டிகைதான் இடைக்காலக் காவல். வெண்காரம் ஏன் கடைசியில் என்றால், காரம் சேர்ந்த நொடியிலிருந்து இரண்டு டெவலப்பர் பொருள்களும் விழித்துக்கொண்டு ஆக்சிஜனோடும் வினைபுரிய ஆரம்பித்துவிடும். அதற்குள் சல்பைட் உள்ளே இருந்தாக வேண்டும்.

நான்கு பொருள்களின் வேலையையும் தெரிந்துகொண்டால் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மெட்டோல்தான் மணியைத் தொடும் ஆள். வேலை செய்து களைத்த மெட்டோலை ஹைட்ரோகுவினோன் மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இவ்வளவு குறைந்த காரத்தில் தனியாக அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இரண்டும் சேர்ந்தால் தனித்தனி பலத்தின் கூட்டலைவிட அதிகம் வரும். சல்பைட் கரைசலைப் பழுப்பாகாமல் காக்கிறது. 100 கிராம் அளவில் மணிகளின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்து, படத்தின் குருணையையும் மென்மையாக்குகிறது. வெண்காரம் தேவையான மெல்லிய காரத்தைத் தருகிறது.

குளிர்ந்த நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, ஒரு நாள் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். புட்டியைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். பாதி காலியான புட்டியில் மேலே நிற்கும் காற்றே எதிரி. நான் ஒரு லிட்டரை 250 மி.லி. புட்டிகள் நான்கில் பிரித்து வைக்கிறேன். தேதி எழுதுங்கள். நிரம்பி மூடிய புட்டி ஆறு மாதம் தாங்கும். பழுப்பானால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

4. ஹைப்போவையும் ஸ்டாப் பாத்தையும் முதல் நாளே கலந்துவிடுங்கள்

ஹைப்போ படிகம் நீரில் கரையும்போது சூட்டை உறிஞ்சும். கையில் பிடித்த ஜாடி சில்லென்று ஆகும். அதே வேளையில் கலந்து அதே வேளையில் பயன்படுத்த நினைத்தால் வெப்பநிலை எங்கோ போய் நிற்கும். அதனால்தான் முதல் நாள்.

500 மி.லி. வெதுவெதுப்பான நீரில் ஹைப்போ 240 கிராம், நீரற்ற சல்பைட் 10 கிராம், அது கரைந்து ஆறிய பின் மெட்டாபைசல்பைட் 23 கிராம். நீர் சேர்த்து ஒரு லிட்டர். மூலச் சூத்திரமான எஃப்-24 பைசல்பைட் 25 கிராம் என்கிறது. கடையில் மெட்டாபைசல்பைட் எளிதாகக் கிடைக்கும், நீரில் அதுவும் பைசல்பைட்டாகிவிடும்.

சல்பைட்டை விட்டுவிட்டு நேரே அமிலப் பொருளைச் சேர்த்தால் ஹைப்போ சிதைந்து கந்தகம் பிரியும். கரைசல் பாலாகும், நெடி அடிக்கும். பாலான ஹைப்போவைக் காப்பாற்ற வழியில்லை.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்தான் ஸ்டாப் பாத். அதற்குக் கடையில் கிடைக்கும் 4 சதவீத வெள்ளை வினிகர் ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு. கிளேசியல் அசிட்டிக் அமிலம் மலிவு என்று வாங்காதீர்கள். தோலையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும், வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லாத பொருள்.

5. ரீலில் ஏற்றுவது: வெளிச்சத்தில் இருபது முறை

வீணான சுருள் ஒன்றைத் தியாகம் செய்யுங்கள். முதலில் கண்ணால் பார்த்து, பிறகு கண்ணை மூடி, பிறகு பைக்குள். எனக்குத் தெரிந்து முதல் சுருளைக் கெடுத்தவர்களில் பாதிப்பேர் ரசாயனத்தால் கெடுக்கவில்லை, இங்கேதான் கெடுத்தார்கள்.

சிவப்பு விளக்கு உதவாது. சினிமாவில் காட்டும் சிவப்பு வெளிச்சம் பிரிண்ட் போடும் தாளுக்கு. அந்தத் தாளுக்குச் சிவப்பு தெரியாது. இன்றைய கேமரா பிலிமுக்குச் சாயம் ஏற்றி எல்லா நிறமும் தெரியும்படி செய்திருக்கிறார்கள். அதற்கு முழு இருட்டு வேண்டும். குளியலறையில் ஏற்றுபவர்கள் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். கண் பழகிய பின் கதவிடுக்கு தெரிந்தால் அந்த அறை வேண்டாம்.

பைக்குள் போக வேண்டியவை: சுருள், அதன் டப்பாவைத் திறக்கப் புட்டிமூடி திறப்பான், கத்தரிக்கோல், ரீல், டேங்க், மூடி, நடுத்தண்டு. ஜிப்பை மூடுமுன் இந்த ஏழையும் வாய்விட்டு எண்ணுங்கள். நடுத்தண்டை நூறு பேரில் தொண்ணூறு பேர் ஒருமுறையாவது வெளியே விட்டுவிடுவார்கள் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம், ஆனால் நானும் விட்டிருக்கிறேன். பேட்டர்சன் வகை டேங்கில் மூடியின் புனலும் நடுத்தண்டும் சேர்ந்துதான் ஒளியை மறிக்கின்றன. தண்டு இல்லாவிட்டால் ஊற்றும் துளை வழியே வெளிச்சம் நேரே இறங்கும்.

பிலிம் முனையை நேராக வெட்டி, இரு மூலைகளையும் லேசாக வட்டமாக்குங்கள். கூர் மூலை ரீலின் பள்ளத்தில் இடறும். ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்ட ஜெலட்டின் பசையாகி ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ச் சிக்கல், பைக்குள் கை வியர்ப்பது. பாதி ஏறிய பிலிம் சிக்கிக்கொண்டால் தள்ளாதீர்கள். எல்லாவற்றையும் டேங்கில் போட்டு மூடிவிட்டு, கையை எடுத்துத் துடைத்து, பையைக் காற்றாட விட்டு, கால் மணி கழித்து மறுபடி முயலுங்கள். டேங்க் மூடியிருக்கும்வரை அவசரமே இல்லை.

6. எல்லாம் ஒரே சூட்டில்

உலகம் முழுக்க நேர அட்டவணை 20 டிகிரிக்கு எழுதியிருக்கிறது. சித்திரை மாதத்தில் சென்னைக் குழாயைத் திறந்தால் 30 தாண்டி வரும். இந்தியாவின் பிலிம் தொழிற்சாலை ஊட்டியில் இருந்தது. கழுவுகிறவன் கீழே இருக்கிறான்.

20-க்கு இறக்கப் போராடுவதைவிட 24-இல் நிலைநிறுத்துவது நல்லது என்பது என் அனுபவம். ஒரு டிகிரி கூடினால் நேரத்தைச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். எச்பி5 பிளஸ், டெவலப்பரும் நீரும் சரிபாதி என்றால் 20 டிகிரிக்கு 13 நிமிடம். 24 டிகிரிக்கு நான் 9 நிமிடம் வைக்கிறேன். அதே கணக்கில் 30 டிகிரிக்குப் போனால் நாலரை நிமிடம்தான் வரும். டேங்கை நிரப்பவும் காலி செய்யவும் ஆகும் வினாடிகளே அதில் பெரிய பங்காகிவிடும். பிலிமின் மேல்பகுதி ஒரு மாதிரி, கீழ்ப்பகுதி ஒரு மாதிரி கறுக்கும். ஐந்து நிமிடத்துக்குக் குறைவான எந்த நேரத்தையும் நம்பாதீர்கள். நீர் கலக்காத டெவலப்பரை நம் ஊரில் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். அதற்கு 20 டிகிரியிலேயே ஏழரை நிமிடம்தான்.

பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, உறைபெட்டியில் பனிக்கட்டியாக்கிய இரண்டு தண்ணீர் பாட்டில்களைப் போட்டு 24-க்குக் கொண்டுவாருங்கள். டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ, அலசும் நீர் எல்லாம் அந்தத் தொட்டியில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். பனிக்கட்டியை நேரே டெவலப்பரில் போடாதீர்கள், கலவையின் அளவு மாறிவிடும். மண்பானைத் தண்ணீர் வறண்ட மாவட்டங்களில் உதவும். கடற்கரை ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவு குளிர்விக்காது.

கவனிக்க வேண்டியது டெவலப்பரின் சூடு மட்டுமல்ல. 24-இல் டெவலப் செய்த பிலிமை 32 டிகிரிக் குழாய் நீரில் காட்டினால் ஊறிய ஜெலட்டின் சுருங்கி விரிந்து, காய்ந்த குளத்துத் தரைபோல நுண்ணிய வெடிப்பு விழலாம். அது வந்தால் போகாது. வேறு வழியில்லாமல் 28, 29 டிகிரியில் வேலை செய்ய நேர்ந்தால், டெவலப்பரில் லிட்டருக்கு 100 கிராம் நீரற்ற சோடியம் சல்பேட் சேர்ப்பது பழைய முறை. ஜெலட்டின் அதிகம் ஊறாமல் அது தடுக்கும், டெவலப்பிங்கையும் மெதுவாக்கும். ஆக, நான் தவறுதலாக வாங்கிய பொட்டலம் கடைசியில் வீணாகவில்லை.

7. டெவலப்பிங்

ஊற்றும் முன் வரிசையை ஒருமுறை சரிபாருங்கள். ஜாடிகளில் பெரிதாக 1, 2, 3 என்று ஒட்டுங்கள். மூன்று கரைசலும் நிறமற்றவை. கை மாறி ஹைப்போ முதலில் போனால் எல்லா மணிகளும் கரைந்து, சுத்தமான கண்ணாடிபோல பிலிம் வரும். இந்த வேலையில் அதைவிடப் பெரிய பிழை கிடையாது.

டெவலப்பர் 150 மி.லி., நீர் 150 மி.லி. வெப்பமானியைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். தடையில்லாமல் ஒரே சீராக ஊற்றி, ஊற்றத் தொடங்கும்போதே கடிகாரத்தைத் தட்டுங்கள். டேங்கின் அடியை இரண்டு முறை பலகையில் தட்டினால் ஒட்டிய காற்றுக் குமிழிகள் விடும். குமிழி நின்ற இடத்தில் டெவலப்பர் படாது, நெகட்டிவில் தெளிந்த வட்டமாகத் தெரியும்.

முதல் முப்பது வினாடி தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து வினாடிக்குள் நான்கு முறை. மணி வெள்ளியாகும்போது புரோமைடு வெளியே வரும். அது டெவலப்பிங்கைத் தடுக்கும் பொருள். அசைக்காவிட்டால் வெளிச்சம் அதிகம் பட்ட இடத்திலிருந்து புரோமைடு கீழே வழிந்து கோடு கோடாக அடையாளம் விடும். அதற்குப் பயந்து காக்டெயில் குலுக்குவதுபோலக் குலுக்கினால் பிலிம் ஓரத்துத் துளைகள் வழியே பீறிடும் நீரோட்டம் அங்கங்கே கூடுதலாகக் கறுக்க வைக்கும். கவிழ்ப்பது, நிமிர்த்துவது, கொஞ்சம் திருப்புவது. அவ்வளவு போதும்.

நேரம் முடிவதற்குப் பத்து வினாடி முன் கொட்டத் தொடங்குங்கள். கொட்டிய டெவலப்பரைத் திரும்பப் புட்டியில் சேர்க்காதீர்கள். சரிபாதி கலவை ஒருமுறைக்குத்தான். அதில் பொருள் தேய்ந்திருக்கும், புரோமைடு ஏறியிருக்கும், அடுத்த சுருளுக்கு எந்த நேரமும் பொருந்தாது.

8. ஸ்டாப் பாத்

வினிகர்க் கரைசல் 30 வினாடி, அசைத்தபடி. டெவலப்பர் காரத்தில்தான் உயிரோடிருக்கும். அமிலம் பட்டவுடன் நிற்கும். வினிகர் இல்லையென்றால் அதே சூட்டு நீரால் மூன்று முறை மாற்றி அலசலாம். டெவலப்பிங் கொஞ்சம் நீளும், படம் கெடாது. எதுவுமே செய்யாமல் ஹைப்போவுக்குப் போனால்தான் சிக்கல். ஒட்டிய டெவலப்பர் ஹைப்போவைச் சீக்கிரம் கெடுக்கும், சில வேளை பிலிமில் இருநிற மினுமினுப்பாக ஒரு கறையும் விடும்.

9. ஃபிக்ஸிங்: நேரத்தைப் புத்தகத்தில் தேடாதீர்கள்

பிலிமை ஹைப்போவில் வைத்திருப்பதுதான் ஃபிக்ஸிங். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் ஹைப்போவே சொல்லும். ஏற்றும்போது வெட்டி எறிந்த பிலிம் முனையை வைத்திருங்கள். வெளிச்சத்திலேயே ஒரு துளி ஹைப்போவை அதன்மேல் விட்டு, அரை நிமிடம் கழித்து முழுத் துண்டையும் ஹைப்போவில் போடுங்கள். துளி விட்ட வட்டத்துக்கும் மற்ற இடத்துக்கும் வேறுபாடு மறையும் வரை எத்தனை நிமிடம்? அதன் இரட்டிப்புதான் உங்கள் நேரம். மூன்று நிமிடத்தில் தெளிந்தால் ஆறு.

தெளிந்த பிறகும் ஏன் இன்னொரு மடங்கு? ஹைப்போ வெள்ளி அயனியை ஒரே பிடியில் தூக்கிவிடுவதில்லை. முதலில் உண்டாகும் வெள்ளிக் கூட்டுப்பொருள் எளிதில் கரைந்து வெளியேறாது. இன்னும் தயோசல்பேட் வந்து பற்றினால்தான் நீரில் போகும். கண்ணுக்குத் தெளிவு தெரிந்த நேரத்தில் இந்த இரண்டாம் கட்டம் முடிந்திருக்காது. அங்கேயே நிறுத்தினால் நெகட்டிவ் இன்று அழகாக இருக்கும், சில ஆண்டுகளில் பழுப்பேறும்.

முதல் நிமிடம் தொடர்ந்து அசையுங்கள், பிறகு நிமிடத்துக்கு நான்கு முறை. பாதி நேரம் கடந்த பின் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கலாம், ஒன்றும் ஆகாது. ஹைப்போவைத் திரும்பப் புட்டியில் ஊற்றுங்கள். அதைப் பலமுறை பயன்படுத்தலாம். புதிதில் மூன்று நிமிடத்தில் தெளிந்தது ஆறு நிமிடம் எடுக்கும் நாளில் அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். எச்பி5 போன்ற வேகமான பிலிம்களில் அயோடைடு இருப்பதால் தெளிய நேரம் கூடுதலாக ஆகும். ஒரு பிலிமுக்குப் பார்த்த நேரத்தை இன்னொன்றுக்கு வைக்காதீர்கள்.

10. அலசுதல்

அரை மணி குழாயைத் திறந்துவிடுவது பழைய வழக்கம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் அது பாவம், தேவையுமில்லை. இல்ஃபோர்டு சொல்லும் முறை இது: டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி நிரப்பி இருபது முறை. ஜெலட்டினுக்குள் இருக்கும் ஹைப்போ, வெளியே புது நீர் இருக்கும்வரைதான் வெளியே வரும். இரண்டும் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும். அதனால் நீர் எவ்வளவு ஓடுகிறது என்பதைவிட எத்தனை முறை மாற்றினோம் என்பதே முக்கியம். நான் இதற்கு முன் 2 சதவீதச் சல்பைட் கரைசலில் ஒரு நிமிடம் அசைத்துவிடுவேன். ஹைப்போ சீக்கிரம் விடும், பிலிமில் தங்கும் இளஞ்சிவப்புச் சாயமும் போகும்.

11. உலர்த்துதல்

கடைசி நீர் வடிநீராகவே இருக்கட்டும். அதில், துளி தங்காமல் நீரைச் சீராக வழியவிடும் வெட்டிங் ஏஜென்ட் இரண்டு மூன்று துளி. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் வண்ணமும் சேர்ந்திருக்கும். குழாய் நீரோடு தொங்கவிட்டால் வழிந்த துளிகள் காய்ந்து வெள்ளை உப்புக் கறை விடும்.

குளித்து முடித்த குளியலறைதான் வீட்டிலேயே தூசி குறைந்த இடம். மேலே ஒரு கிளிப், கீழே கனத்துக்கு ஒன்று. விரலாலோ துணியாலோ வழிக்காதீர்கள். ஊறிய ஜெலட்டினில் ஒரு மணல் துகள் போதும், முப்பத்தாறு படத்துக்கும் ஒரே கோடு. மின்விசிறியைப் போடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம், மழைக்காலத்தில் இரவு முழுக்க. காய்ந்ததும் ஆறு ஆறாக வெட்டி உறையில் இடுங்கள். ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து என்பதால், மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது.

12. தீர்ந்த கரைசல்கள்

தீர்ந்த ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது. அதைச் செடிக்கோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, சோப்பு இல்லாத இரும்பு நார் உருண்டை ஒன்றைப் போட்டு மூடி வையுங்கள். இரும்பு கரைந்து, அதன் இடத்தில் வெள்ளி சேறாகப் படியும். வெள்ளி மீட்பவர்கள் அருகில் இருந்தால் வாளியை அப்படியே அவர்களிடம் கொடுத்துவிடலாம்.

13. பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது

நெகட்டிவ் சரியில்லை என்றால் படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். பிலிமின் பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. டெவலப்பருக்கு அதுவே சாட்சி.

ஓர எழுத்து கறுப்பாக, தெளிவாக இருக்கிறது, படங்கள் வெறுமை: பிலிம் கேமராவில் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. உங்கள் ரசாயனம் குற்றமற்றது.

ஓர எழுத்தே இல்லை, முழுச் சுருளும் கண்ணாடி: டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது ஹைப்போ முதலில் போய்விட்டது.

எழுத்தும் படமும் இரண்டும் வெளிறியிருக்கின்றன: நேரம் குறைவு, சூடு குறைவு, அல்லது பழைய டெவலப்பர். எழுத்து சரி, படம் மட்டும் வெளிறியது: எடுக்கும்போதே ஒளி போதவில்லை.

ஓரம் உட்பட எல்லாம் சாம்பல் மூட்டம்: ஒளி புகுந்திருக்கிறது, அல்லது சூடும் நேரமும் மீறியிருக்கின்றன, அல்லது பிலிம் காலாவதி. துளையோரம் மட்டும் மூட்டம் என்றால் பையிலோ கேமரா கதவிலோ சந்தேகப்படுங்கள்.

பால்போலவோ ஊதாவாகவோ திட்டுத் திட்டாக இருக்கிறது: ஃபிக்ஸிங் போதவில்லை. இதைப் பார்த்துத்தான் புதியவர்கள் அதிகம் கலங்குகிறார்கள், சுருளைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. புது ஹைப்போ கலந்து, வெளிச்சத்திலேயே, காய்ந்த பிலிமாக இருந்தாலும் நீரில் நனைத்து மறுபடி ரீலில் ஏற்றி, முழு நேரம் ஃபிக்ஸ் செய்து அலசுங்கள். ஒரு மாதம் கழித்துக் கவனித்த சுருளையும் நான் இப்படித் தெளிய வைத்திருக்கிறேன்.